ஆவாரைக்கும் கொன்றைக்கும் பாகப்பிரிவினை



போன கூட்டத்தில் ஒரு அக்கா இரண்டு சீட்டுகளைக் கொண்டுவந்தார். நிலாவரை இலை கேட்ட ஒரு வியாபாரி 'காசியா அங்கஸ்டிஃபோலியா' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'சென்னா அலெக்சாண்ட்ரினா' என்று எழுதியிருந்தார். "ரெண்டும் வேற வேற செடியா?" என்று கேட்டார். இல்லை, ஒரே செடிதான். இந்தக் குழப்பத்துக்கு வயது 250 வருடத்துக்கும் மேல்!

1753-ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் செடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைத்தார். முதல் சொல் வீட்டுப் பெயர் மாதிரி. அதைப் பேரினம் என்பார்கள். சரக்கொன்றை, ஆவாரை, நிலாவரை, தகரை எல்லாவற்றையும் 'காசியா' என்ற ஒரே வீட்டில் குடிவைத்தார். மறு வருடமே இங்கிலாந்துத் தோட்டக்காரர் பிலிப் மில்லர் 'சென்னா' என்று தனி வீடு கட்டினார். ராக்ஸ்பர்க் எழுதி 1832-ல் வெளிவந்த புத்தகத்தில் நம் ஆவாரை 'சென்னா ஆரிகுலேட்டா' ஆனது. ஆரிகுலேட்டா என்றால் காது உள்ளது. நாம் தினம் பூப்பறிக்கிற செடிதானே, இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். காது மடல் மாதிரி இரண்டு இருக்கும்.

ஆனால் 1871-ல் பெந்தம் என்பவர் எல்லாம் காசியாதான், உள்ளே மூன்று பிரிவு என்று முடிவு செய்தார். நூறு வருடத்துக்கு மேல் அதுவே நின்றது. 1982-ல் இர்வின், பார்னெபி என்ற இருவர் மூன்றையும் தனித்தனிப் பேரினமாக்கினார்கள். பிறகு வந்த மரபணு ஆய்வும் அதையே காட்டியது.

எப்படிப் பிரித்தார்கள்? சரக்கொன்றைப் பூவில் மூன்று மகரந்தக் காம்பு நீளமாக வளைந்து நிற்கும். அதன் காய் குழல் மாதிரி, தானாக வெடிக்காது. அது காசியா. மூன்றாவது வீடு கமேகிரிஸ்டா. அதன் காய் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். ஆவாரை, நிலாவரை, தகரை எல்லாம் சென்னா. பழைய பெயர் இன்னும் வியாபாரத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான். (மசாலாக் கடையில் காசியா என்று விற்கும் பட்டை வேறு, அது லவங்கப்பட்டைக்குச் சொந்தம்.)

பேயாவரையும் சென்னாதான். ஆனால் ஒரே வீடு என்று நம்பிவிடக் கூடாது. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் குழந்தைகளின் மூளை, ஈரல், தசையைத் தாக்கிய நோய்க்குப் பேயாவரை விதை தின்றதே காரணமாகலாம் என்று 2007-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். நிலாவரைக் காய் தட்டையாக, அகலமாக, காகிதம் போல் இருக்கும். பேயாவரைக் காய் ஒல்லியாக நீண்டிருக்கும். இலையைக் கசக்கினால் நாறும். மூட்டை கட்டும் முன் இதைப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். சீட்டில் தமிழ்ப் பெயரோடு இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள்.