எம்ஜிபிக்கு எந்த கேம்ஷாஃப்ட்?

கேள்வி: என்னிடம் 1972 எம்ஜிபி ஜிடி இருக்கிறது. ஓவர்டிரைவ் உள்ள வண்டி. இன்ஜினை 40 தவ் ஓவர்சைஸ் போர் செய்து, ஹெட்டில் போர்ட் வேலையும் பார்த்து, டியூப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போட்டிருக்கிறேன். கார்புரேட்டர் பழைய இரட்டை எஸ்யூதான். இன்ஜின் இப்போது கீழே இறங்கியிருப்பதால் கேம்ஷாஃப்ட்டையும் மாற்றிவிடலாமே என்று ஆசை. “போடுவதானால் 285 போடு” என்கிறார் நண்பர். ஓட்டுவது பெரும்பாலும் லண்டன் சாலைகளில்தான். கோடையில் ஓரிரு முறை வேல்ஸ் போய்வருவேன். பழைய டேப்பட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றையே போடலாமா?
- ஹாரோ வாசகர், லண்டன்

பதில்: 285 வேண்டாம். உங்கள் நண்பர் எந்த வண்டியை, எங்கே ஓட்டுகிறார் என்று தெரியாது. நீங்கள் சொல்லியிருக்கும் ஓட்டத்துக்கு 270 டிகிரிக்கு மேல் போக ஒரு காரணமும் இல்லை.

முதலில் உங்கள் இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் வாழ்கிறது என்று பாருங்கள். மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில், ஓவர்டிரைவ் போட்டால் ஏறக்குறைய 3,200, போடாவிட்டால் 3,900. ஹாரோவிலிருந்து நகருக்குள் போகும்போது 2,500-ஐத் தாண்டுவதே அபூர்வம். 285 போன்ற கேம் உயிர்பெறுவதே அதற்கு மேலேதான். சிக்னலில் ஐடில் தடுமாறும், மூன்றாவது கியரில் மெதுவாக உருட்டினால் வண்டி விக்கும். 5,500-ல் கிடைக்கும் கூடுதல் குதிரைத்திறனை வருஷத்துக்கு எத்தனை நிமிஷம் அனுபவிப்பீர்கள்?

இரண்டாவது காரணம் பி-சீரிஸ் இன்ஜினுக்கே உரியது. இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் போர்ட். 1-ம் 2-ம் ஒன்றைப் பங்குபோடுகின்றன, 3-ம் 4-ம் இன்னொன்றை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதாவது 3 இழுத்த கையோடு 4 இழுக்கிறது, 2 இழுத்த கையோடு 1. ஒரே குழாய் இணைப்பில் இரண்டு வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்டு உறிஞ்சுகிற கதைதான். ஒரிஜினல் கேமில் இன்லெட் வால்வு டிடிசிக்கு 16 டிகிரி முன்பே திறந்து, பிடிசி தாண்டி 56 டிகிரியில் மூடுகிறது. மொத்தம் 252 டிகிரி. இதுதான் டியூரேஷன். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 180 டிகிரிதான் இடைவெளி என்பதால், 72 டிகிரிக்கு இரண்டு வால்வும் ஒரே போர்ட்டில் திறந்திருக்கின்றன. 270 போட்டால் அது 90 ஆகும். 285 போட்டால் 105. ஒன்றின் கலவையை இன்னொன்று பிடுங்கிக்கொள்ளும் நேரம் அந்த அளவுக்கு நீள்கிறது. ஆளுக்கொரு போர்ட் உள்ள இன்ஜினில் பழகியவர்கள் பி-சீரிஸுக்கும் அதே கணக்கில் பெரிய கேமைச் சிபாரிசு செய்வது இதனால்தான் சரிவராது.

ஆகவே இங்கே டியூரேஷனை அளவோடு வைத்துக்கொண்டு லிஃப்டைத் தேடுங்கள். பைப்பர் 270, கென்ட் 714 இரண்டும் இந்த வேலைக்குப் பலரும் போடுகிறவை. ஆனால் பெட்டியில் அச்சிட்ட டிகிரியை மட்டும் வைத்து இரண்டு கம்பெனி கேம்களை ஒப்பிடாதீர்கள். வால்வு எவ்வளவு தூக்கியதிலிருந்து அளக்க ஆரம்பித்தார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 50 தவ் லிஃப்டில் டியூரேஷன் எவ்வளவு என்று கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். இன்னொரு வழி, ஒரிஜினல் கேமையே வைத்துக்கொண்டு 1.55 ரேஷியோ ராக்கர் போடுவது. 9.25 மில்லிமீட்டர் லிஃப்ட் 10-ஐத் தொடும், ஐடிலும் கெடாது. செலவுதான் கொஞ்சம் கடிக்கும். எதைப் போட்டாலும் வால்வு முழுசாகத் தூக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கம்ப்ரஷனைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நீளமான கேம் இன்லெட்டைத் தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலே வரும்போது கலவையில் கொஞ்சம் போர்ட்டுக்கே திரும்பிப்போகும். அதை ஈடுகட்ட ஒரிஜினல் கம்ப்ரஷனை 9.5 அருகே கொண்டுபோவது நல்லது. ஹெட்டில் வேலை பார்த்தபோது சேம்பரைக் குடைந்திருந்தால் கம்ப்ரஷன் குறைந்தும் இருக்கலாம். ப்யூரெட் வைத்து சேம்பர் கொள்ளளவை அளக்காமல் கேமுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

டேப்பட் விஷயத்தில் சமரசமே கிடையாது. புது கேமுக்குப் புது டேப்பட். ஒரு சோதனை செய்து பாருங்கள்: புது டேப்பட் இரண்டை முகத்தோடு முகம் வைத்தால் லேசாக ஆடும், ஏனென்றால் முகம் மயிரிழை அளவு குவிந்திருக்கும். அந்தக் குவிவுதான் ஓடும்போது டேப்பட்டைச் சுழல வைக்கிறது. உங்கள் பழையவற்றை அப்படி வைத்துப் பாருங்கள், அநேகமாக ஆடாது. சுழலாத டேப்பட் புது லோபைத் தின்றுவிடும்.

பொருத்தும்போது செயின் சக்கரத்தின் புள்ளிகள் நேராக நிற்பதை மட்டும் நம்பாமல், டிகிரி சக்கரமும் டயல் கேஜும் வைத்து முதல் சிலிண்டர் இன்லெட்டின் முழு லிஃப்ட் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒரிஜினல் கேமுக்கு டிடிசி தாண்டி 110 டிகிரி. புது கேமுக்கு அதன் கார்டில் போட்டிருக்கும். நாலைந்து டிகிரி தள்ளி நின்றால் ஆஃப்செட் சாவி போட்டுச் சரிசெய்யலாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்: லோப்களில் அசெம்பிளி பேஸ்ட், துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள 20டபிள்யூ-50 ஆயில், கார்புரேட்டரில் பெட்ரோல், ஏறக்குறைய சரியான இக்னிஷன் டைமிங். இன்ஜின் பிடித்ததும் நேரே 2,000-க்கு ஏற்றி, 2,500 வரை மாற்றி மாற்றி இருபது நிமிஷம் ஓட்டுங்கள். ஐடிலில் விடவே கூடாது. லோப்களுக்கு பிரஷரில் ஆயில் வருவதில்லை, கிராங்க் வாரியடிக்கும் ஆயில்தான். மெதுவாகச் சுற்றினால் அது போதாது. பிறகு ஆயிலை மாற்றி, டேப்பட் கிளியரன்ஸைப் பார்த்துவிட்டு, ரோலிங் ரோடில் ஏற்றுங்கள். எஸ்யூ ஊசியும் டிஸ்ட்ரிப்யூட்டரின் அட்வான்ஸும் பழைய கேமுக்கு அமைந்தவை. அந்த இரண்டையும் மாற்றத் தெரிந்த ஆளாகப் பார்த்து இப்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.