ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல் தடவை போகிறீர்களா?

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது. பல குழுக்கள் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ கூடுகின்றன. சர்ச் என்றதும் தயங்க வேண்டாம், இடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கட்டணம் கிடையாது. முழுப்பெயரோ வேலையோ சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைப் பேசுவார். யாரும் குறுக்கிட மாட்டார்கள். உங்கள் முறை வந்தால், "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்றால் போதும். காணிக்கைப் பை சுற்றி வரும். புதியவர்கள் போட வேண்டாம். முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். பழைய உறுப்பினரிடம் போன் நம்பர் வாங்க அதுதான் நேரம். சாயங்காலம் கால்கள் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்பும்போது அந்த நம்பர்தான் கைகொடுக்கும்.

'திறந்த கூட்டம்' என்றால் வீட்டாரும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு. ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறு ஏரியாவில் பாருங்கள். தெரிந்த முகம் இருக்குமோ என்ற கூச்சத்துக்கும் அதுவே வழி.

ஒன்று முக்கியம். நெடுநாள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. காலையில் கை நடுங்குகிறதென்றால் முதலில் டாக்டர், பிறகுதான் கூட்டம். வழிகாட்ட ஆளில்லையா? 14446, கட்டணமில்லாத தேசிய உதவி எண்.