டீக்கடை ரேடியோவில் கேட்ட பேஸ்

எண்பதுகளில் டீக்கடை ரேடியோவில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களிடம் இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்றைச் சொல்லி, அதில் பேஸ் கிட்டார் எப்படிப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். பலர் வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள். அவருடைய பாட்டுகளில் சசிதரன் வாசித்த அந்த வரிசைகள் பாட்டின் மெட்டோடு சேர்ந்தே மனசில் தங்கிவிட்டன. ஆனால் அந்த ரேடியோவின் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம்தான். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியைத் திறந்தபடி மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வுகள் எழும். அவ்வளவு சின்ன ஸ்பீக்கருக்கு அந்த அதிர்வு எட்டவே எட்டாது. 100க்குக் கீழே அது கிட்டத்தட்ட ஊமை. அப்படியானால் டீக்கடையில் நாம் கேட்டது எதை?

பேஸ் வாசிப்பவர்களிடையே உலவும் தவறான நம்பிக்கைகளுக்கு ஒரே ஊற்று உண்டு என்று நினைக்கிறேன். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, தணிந்த ஒலியில் வாசித்துப் பார்த்து 'டோன் எப்படி இருக்கிறது' என்று முடிவு கட்டுகிறோம். அந்த அறையில் நன்றாகத் தோன்றுவது டிரம்ஸ் சேர்ந்ததும் கரைந்து போகிறது. உடனே பழியைக் கிட்டார் மேல் போட்டு, அடுத்த கிட்டாருக்குப் பணம் சேர்க்கத் தொடங்குகிறோம்.

'நல்ல பேஸ் என்றால் அடித்தொனி நிறைய இருக்கவேண்டும்'

ரேடியோ கேள்விக்கான விடை இங்கே இருக்கிறது. ஈ கம்பி 41இல் மட்டும் அதிர்வதில்லை. அதோடு 82, 124, 165 என்று அதன் மடங்குகளிலும் அதிர்கிறது. வாசிப்பவர்கள் ஹார்மோனிக்ஸ் என்று சொல்வது இவற்றைத்தான். இவை காதில் விழுந்தால் போதும். ஒன்றுக்கொன்று 41 இடைவெளியில் நிற்பதைக் கண்டு, அடியில் இருக்கவேண்டிய 41ஐ மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. டீக்கடையில் நாம் கேட்ட அடிச்சுருதியில் பெரும்பகுதி நம் தலைக்குள் பிறந்தது. இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போதும் இதுதான் நடக்கிறது.

தம்புராவைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பிரிட்ஜுக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூலைச் செருகாமல் மீட்டினால் ஒலி மொத்தையாக விழும். நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் மேல் ஒலிகள் பூத்து வருகின்றன; அவை வந்த பிறகுதான் மந்தர ஷட்ஜமும் நிறைவாகக் கேட்கிறது. அடியை நிமிர்த்திக் காட்டுவது மேல்தான். பேஸ் கிட்டாரிலும் அப்படியே.

ஆம்பின் குமிழ்களுக்கு வருவோம். வீட்டில் பலரும் செய்வது: பேஸ் குமிழை ஏற்றுவது, ட்ரெபிளை ஏற்றுவது, நடுவில் இருக்கும் மிட்டை இறக்குவது. தனியாகக் கேட்க அது அருமையாகத்தான் இருக்கும். ஏன் என்பதற்கும் காரணம் தெரியும். நம் காது தாழ்ந்த அதிர்வுகளுக்கு மந்தமானது; ஒலி தணியத் தணிய அந்த மந்தம் கூடுகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வரைந்து காட்டிவிட்டார்கள். தூங்குகிறவர்களை எழுப்பாத அளவில் வாசிக்கும்போது காதின் அந்தக் குறையை பேஸ் குமிழால் ஈடுகட்டுகிறோம். மேடையில் ஒலி ஏறியதும் காதின் குறை பெருமளவு நீங்கிவிடுகிறது, குமிழ் மட்டும் ஏற்றிய இடத்திலேயே நிற்கிறது. விளைவு, கொழகொழவென்ற முழக்கம். அதோடு, நாம் இறக்கிவைத்த மிட், அதாவது ஏறக்குறைய 200 முதல் 800 வரையிலான பகுதிதான், எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்பதைக் கூட்டத்துக்கு நடுவே காதுக்குச் சொல்வது. அடியில் கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது; மேலே சிம்பல்கள். நடுப்பகுதியையும் நாமே வெட்டிவிட்டால் பேஸ் நிற்க இடமில்லை.

எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, டிரம்ஸோடு வாசித்து, அதன் பிறகு தேவையானதை மட்டும் தொடுங்கள். தனியாகக் கேட்கும்போது சற்றுக் கரடுமுரடாக, மூக்கால் பேசுவதுபோல இருக்கும் டோன் பாட்டுக்குள் போனதும் கச்சிதமாக உட்காருவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

'தாழ்ந்த ஒலி உருவாக நீண்ட தூரம் வேண்டும்'

அனுபவசாலிகள்கூடச் சொல்வது இது. ஈ சுரத்தின் ஒலியலை ஏறக்குறைய 28 அடி நீளம். ஆகவே ஆம்பிலிருந்து 28 அடி தள்ளி நின்றால்தான் அலை முழுதாக உருவாகும், சின்ன அறையில் பேஸ் கேட்காது என்பார்கள். நீளக் கணக்கு சரி, முடிவு தவறு. காது அலையின் நீளத்தை அளப்பதில்லை. காற்றழுத்தம் ஏறி இறங்குவதை நேரத்தில் உணர்கிறது. ஹெட்போனின் சவ்வு காதிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதில் பேஸ் கேட்கத்தானே செய்கிறது?

ஆனால் இந்த நம்பிக்கைக்கு அடியில் உண்மையான அனுபவம் ஒன்று இருக்கிறது. அதை ஒதுக்கக் கூடாது. ஆம்புக்கு அருகில் கேட்காத பேஸ் தள்ளிப் போனால் கேட்பது நிஜம். காரணம் அறை. ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, வரும் ஒலியோடு மோதுகிறது. 14 அடி நீளமுள்ள அறையை எடுத்துக்கொள்ளுங்கள்; ஈ சுரத்தின் அலையில் சரிபாதி. அந்த அறையில் அந்தச் சுரம் இரு சுவர் ஓரங்களிலும் திமிறும், நடுவில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஈ கம்பியைச் சீராக மீட்டிக்கொண்டே ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நடந்து பாருங்கள், புரிந்துவிடும். நாற்காலியை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்பது எந்த பிக்கப் வாங்கினீர்கள் என்பதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவும். மேல் ஒலி ஸ்பீக்கர் பார்த்த திசையில் நேராகப் போகும். தரையில் வைத்த ஸ்பீக்கர் பெட்டி உங்கள் கெண்டைக்காலுக்குத்தான் தெளிவாக வாசித்துக் காட்டுகிறது. காதுக்குத் தெளிவு போதாமல் நீங்கள் ட்ரெபிளை ஏற்ற, எதிரே இருப்பவர்களின் காதைக் கிழிக்கும். பெட்டியைப் பின்னால் சாய்த்து முகத்தைப் பார்க்க வைத்தால் போதும்.

வாட்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 100 வாட்ஸிலிருந்து 200க்கு மாறினால் ஒலி இரண்டு மடங்காகாது. 3 டெசிபல் கூடும், கவனித்துக் கேட்டால் தெரிகிற வித்தியாசம். இரண்டு மடங்காகக் காதில் பட ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

'கம்பி உயரமாக இருந்தால் ட்ரஸ் ராடைத் திருகு'

இந்த நம்பிக்கை கிட்டாரையே கெடுக்கும். எனக்கு நடந்திருக்கிறது. ஆக்‌ஷன் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலான தூரம்) உயரம் என்று ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் ட்ரஸ் ராடை மட்டும் இறுக்கித் திருப்பித் தந்தார்கள். கம்பி தாழ்ந்துதான் இருந்தது. முதல் மூன்று ஃப்ரெட்டில் எதைத் தொட்டாலும் நறநறவென்று உரசியது. கழுத்து பின்பக்கம் வளைந்துவிட்டிருந்தது. சரியாக்க இரண்டு வாரம் ஆயிற்று.

வழக்கமான நான்கு கம்பி செட் கழுத்தை இழுக்கும் விசை மொத்தம் ஏறக்குறைய 80 கிலோ. அந்த இழுப்பில் கழுத்து முன்பக்கம் குழிய முயலும். அதை எதிர்த்துப் பிடிக்கத்தான் உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு. அதன் வேலை குழிவின் அளவைத் தீர்மானிப்பது. கம்பியின் உயரத்தைத் தீர்மானிப்பது பிரிட்ஜில் இருக்கும் சேடில். தண்டைத் திருகினால் உயரமும் கொஞ்சம் மாறுவது பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

முதலில் சுருதி சேர்க்கவேண்டும். தளர்ந்த கம்பியோடு அளந்தால் எல்லாம் பொய். பிறகு ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவே ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், நல்ல தொடக்கம். இல்லையென்றால் ஆலன் கீயால் கால் சுற்று மட்டும் திருகி, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி பாருங்கள். திருகு இறுகிக்கொண்டு மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். கழுத்து சரியான பிறகுதான் சேடில்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர். இன்டொனேஷன் (ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக விழுவது) கடைசி, ஏனென்றால் முந்தைய ஒவ்வொன்றும் அதை நகர்த்திவிடும்.

இதை ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதும் என்பதும் பொய். மரம் ஈரத்தைக் குடிக்கும், விடும். ஏசி ஸ்டுடியோவில் ஒரு மாதம் கிடந்த கிட்டாரை மழைக்காலத்தில் கடற்கரை ஊர் மேடைக்கு எடுத்துப்போனால் கழுத்து நகரத்தான் செய்யும். எல்லாக் கம்பியையும் ஒரே சமயத்தில் கழற்றினால் கழுத்து கெட்டுவிடும் என்ற பயம் மட்டும் தேவையில்லை. ஃப்ரெட் துடைக்கத் தாராளமாகக் கழற்றலாம். மாட்டியதும் குழிவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மரம், நீளம், பிக், பேட்டரி

உடல் எந்த மரம் என்பதில் வருடக்கணக்காக வாக்குவாதம் நடக்கிறது. பிக்கப் காந்தம், அதன் எதிரே உலோகக் கம்பி அசைவதால் மின்னோட்டம் பிறக்கிறது. உடல் மரத்தின் பெயருக்கு அதில் மிகச் சிறிய பங்கே. நெட் ஸ்டீன்பர்கர் மரமே இல்லாமல் கார்பன் கலவையில் பேஸ் செய்தார். எண்பதுகள் முழுக்க அது மேடைகளில் ஒலித்தது. மரம் நிஜமாகவே பேசும் இடம் கழுத்து. ஃபெண்டர் வகை பேஸ்களில் ஜி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஏழாவதுக்குள் ஏதோ ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துவிடும். அந்தச் சுரத்தின் ஆற்றலைக் கழுத்து தன் அதிர்வுக்கு எடுத்துக்கொள்வதுதான் காரணம். கிட்டார் வாங்கும் முன் தேடவேண்டியது இதை.

கம்பி நீளம் 34 அங்குலத்துக்குக் குறைந்த பேஸ் சிறுவர்களுக்கு என்பவர்கள், 1961இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹோஃப்னரை நினைக்கவேண்டும். அது 30 அங்குலம். பிக் வைத்து வாசிப்பது கைவராதவர்கள் வேலை என்பவர்களுக்கு கேரல் கே போதும். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் அவர் பிக்கோடுதான் வாசித்தார். ஆக்டிவ் பேஸ் என்றால் ஒலி பெரிது என்பதும் சரியல்ல. மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976இல் வந்ததிலிருந்து உள்ளே ஒரு சின்ன ஆம்ப் வைப்பது பரவியது. அது தருவது வாசிப்பவர் கையில் கூடுதல் கட்டுப்பாடு, நீண்ட கேபிளில் மேல் ஒலி மங்காத நிலை. கேபிளைச் செருகியபடியே விட்டால் பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். கச்சேரி முடிந்ததும் முதல் வேலை அதைப் பிடுங்குவது.

'ஜேமர்சன் கம்பியே மாற்றியதில்லை'

டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது பெரும்பாலும் 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில். கம்பிகளை அவர் அபூர்வமாகத்தான் மாற்றினார் என்பது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கம்பியானாலும் பழசானால் ஜேமர்சன் டோன் வரும் என்று துரு ஏற விட்டிருக்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன்.

அவர் போட்டிருந்தது லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃப்ளாட்வௌண்ட். மேல் சுற்று தட்டையான நாடாவாக, வழவழப்பாக இருக்கும். விரல் அழுக்கு போய் உட்காரப் பள்ளம் இல்லை. அது பழகப் பழகச் சாந்தமாகும். இன்று பெரும்பாலும் கடையில் கிடைப்பது ரவுண்ட்வௌண்ட்: உருண்டைச் சுற்று, சுற்றுக்கு இடையே வியர்வையும் தோலும் போய் அடைத்துக்கொள்ளும். அது பழசானால் சாந்தமாவதில்லை. சுருதியே சுத்தமாக நிற்காது. கொதிநீரில் போட்டால் அடைப்பு கரைந்து சில நாள் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். இன்னொரு பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸில் ரவுண்ட்வௌண்ட் போட்டு, பிரிட்ஜ் ஓரத்தில் மீட்டி, பாடுகிற டோன் ஒன்றை எடுத்தார். அந்தக் கம்பி விரல்பலகையை அரிக்காமல் இருக்க மேலே எபாக்ஸி பூசவேண்டியிருந்தது. இருவரும் வாசித்தது ஃபெண்டர்தான். கம்பி, மீட்டிய இடம், விரல் மூன்றும் வேறு.

ஜேமர்சனிடம் பழைய கம்பியோடு இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. வலது கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மீட்டியது; ஒரே விரல் என்பதால் அடிகள் ஒரே எடையில் விழுந்தன. அடுத்தது பிரிட்ஜ் மூடிக்கு அடியில், கம்பிகளைத் தொட்டபடி இருந்த ஃபோம். அன்றைய ஃபெண்டர் பேஸ்கள் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தன. பிறகு வாங்கியவர்கள்தான் மூடியைக் கழற்றி எறிந்தார்கள்.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டி, கம்பிகளுக்கு அடியில் மெல்லச் செருகுங்கள். அழுத்தம் கூடினால் சுருதி ஏறும், ட்யூனரில் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக வாசித்தால் சப்பென்று, கட்டையைத் தட்டியதுபோல இருக்கும். அந்த நிலையிலேயே ஒரு டிரம்ஸ் தடத்தோடு வாசித்துப் பதிவு செய்து, கைப்பேசி ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் தொடங்கும் இடமும் முடியும் இடமும் தனித்தனியாகத் தெரியும். இரண்டு அடிக்கு நடுவே ஸ்னேருக்கு இடம் திறந்திருக்கும்.