திணையறிவும் நிலத்தோற்றக் கட்டடக்கலைக் கல்வியும்

முன்னுரை

நிலத்தைப் பாடுவது தமிழ் மரபு. நிலத்தை அளந்து, அதன் இயல்பறிந்து, மக்கள் வாழ்வுக்கு ஏற்ப அமைப்பது ஒரு தனிக் கல்வி. ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்’ எனப்படும் அக்கல்வியைத் தமிழில் நிலத்தோற்றக் கட்டடக்கலை என வழங்குவர். இத்துறையில் முதுகலைப் பட்டம் பெற விரும்புவதாக ஒரு மாணவரோ மாணவியோ வீட்டில் கூறினால், “தோட்ட வேலைக்கு ஒரு பட்டமா?” என்று பெரியோர் வினவுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை காண்பதும், தமிழ் கற்றோர்க்கும் இக்கல்விக்கும் உள்ள உறவை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

துறையின் தோற்றம்

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர் பரப்புடையது. பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் ஆகிய இருவரும் அளித்த திட்டம் 1858இல் நடந்த போட்டியில் தெரிவு செய்யப்பெற்றது. பாறையும் சேறுமாகக் கிடந்த அந்நிலத்தில் வடிகால் அமைத்து, மண் நிரப்பி, ஏரி கண்டு, பூங்காவை உருவாக்கினர். இன்று இயற்கைக் காடெனத் தோன்றுவதில் பெரும்பகுதி மனிதர் திட்டமிட்டதே. இத்தகைய பணிக்கு முறையான கல்வி வேண்டும் என்னும் உணர்வால், ஓம்ஸ்டெட்டின் மகன் முன்னின்று நடத்த, 1900இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கெனப் பட்டப்படிப்பு தொடங்கியது. இந்தியாவில் தில்லியிலுள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி இத்துறையில் முதுகலைக் கல்வி வழங்கும் முன்னோடி நிறுவனமாகும். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம், போபாலிலுள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றிலும் இது கற்பிக்கப்படுகிறது.

பயில்வது யாது?

இந்தியாவில் இப்படிப்பு பெரும்பாலும் இரண்டாண்டு, நான்கு பருவங்கள் கொண்டது. நில அளவை, மண்ணியல், நீரோட்டம், தாவர அறிவு, சூழலியல், தோட்டக்கலை வரலாறு ஆகியன பாடங்கள். இவையனைத்தும் ஒன்றுகூடும் இடம் வடிவமைப்புக் கூடம். ஓர் இடத்தை மாணவர்க்குக் காட்டி, அதற்குரிய திட்டத்தை வரையச் செய்வர். வரைந்ததை ஆசிரியர் குழுவின் முன் வைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கூற வேண்டும். இறுதிப் பருவத்தில் ஆய்வேடும் உண்டு.

அழகுணர்ச்சி மட்டும் இங்கு போதாது, கணக்கும் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஓர் ஏக்கரில் மட்டும் 2 லட்சம் லிட்டருக்கு மேல் நீர் விழும். அதில் எவ்வளவு மண்ணுள் இறங்கும், எவ்வளவு வழிந்தோடும், எப்பக்கம் ஓடும் என்பவற்றைக் கண்டறிந்த பின்னரே மாணவர் ஒரு பாதையையோ சுவரையோ வரையலாம். செடி நடுதல் அதற்கும் பிந்தியது.

இக்கணக்கின் நுட்பத்தைத் தில்லி ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் காணலாம். நீர்க்கால்களால் நான்காகப் பகுக்கப்பட்ட சார்பாக் அமைப்புக்கு அது சிறந்த எடுத்துக்காட்டு. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் இணைந்து 2003இல் நிறைவு செய்த சீரமைப்பில், நீர்க்கால்கள் 40 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு என்னும் அளவில் மீண்டும் அமைக்கப்பெற்றன. கண்ணுக்குப் புலப்படாத அச்சரிவே நீரை நடத்திச் செல்கிறது. அப்பணியில் பங்காற்றிய பேராசிரியர் முகம்மது ஷாஹீர், தில்லிப் பள்ளியில் இத்துறையைப் பல்லாண்டு கற்பித்தவர். அருகிலுள்ள சுந்தர் நர்சரியின் வடிவமைப்பும் அவருடையதே. அவர் 2015இல் மறைந்தார். அப்பூங்கா 2018இல் மக்களுக்குத் திறக்கப்பெற்றது. நட்டவர் காணாத நிழலில் பிறர் அமர்வது இத்தொழிலின் இயல்பு.

முதல், கரு, உரி

தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, புள், உணவு, தொழில் முதலியன கருப்பொருள். மனித ஒழுக்கம் உரிப்பொருள். குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஏ.கே. இராமானுஜன் 1967இல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்று அந்நூலுக்குப் பெயரிட்டது கருதத்தக்கது.

இரண்டாண்டுகள் கழித்து, 1969இல், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இயன் மெக்ஹார்க் ‘டிசைன் வித் நேச்சர்’ என்னும் நூலை வெளியிட்டார். ஓரிடத்தின் பாறை, நீர், மண், தாவரம், விலங்கு, மனிதப் பயன்பாடு ஆகியவற்றைத் தனித்தனி வரைபடங்களாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து, எங்குக் கட்டலாம், எங்குக் கட்டலாகாது என முடிவு செய்யும் முறையை அந்நூல் பரப்பியது. முதலில் நிலம், அடுத்து உயிர்கள், பின்னர் மனிதர் என்னும் இவ்வடுக்கு, தமிழ் மாணவர்க்குப் புதிதாகத் தோன்றாது.

இவ்வொற்றுமையைக் கொண்டு, இக்கலையை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் எனப் பறைசாற்றுதல் ஆய்வு நெறியாகாது. திணைக்கோட்பாடு செய்யுளுக்கு உரிய இலக்கணம்; மெக்ஹார்க் கண்டது திட்டமிடலுக்கு உரிய கருவி. உமறுப்புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை மருத வளம் பொங்கப் பாடினார். காப்பிய மரபு அவருக்கு அவ்வுரிமையை அளித்தது. படிப்போர் நெஞ்சும் குளிர்ந்தது. வடிவமைப்பாளர்க்கு அவ்வுரிமை இல்லை. வறண்ட நிலத்தில் மருதத்தை நட்டால் அதற்கு நீர் யார் தருவார்?

அவ்வுரிமையை எடுத்துக்கொண்டதன் விளைவைச் சென்னை அறியும். பள்ளிக்கரணைச் சதுப்பு முன்பு மிகப் பரந்து கிடந்து மழைநீரைத் தாங்கியது. சாலைகளும் கட்டடங்களும் குப்பை மேடும் அதன் பெரும்பகுதியைக் கொண்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகள் நீரில் நின்றன. எஞ்சிய சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. நிலம் தன் இயல்பை இழப்பதற்கு மனிதரும் காரணமாவர் என்பதை நம் காலம் காட்டுகிறது.

சொல் என்னும் சான்று

வரத்துக்கால், மடை, மதகு, கலிங்கு, ஊருணி, களர், கரிசல், கழிமுகம் ஆகிய ஒவ்வொரு சொல்லும் நிலத்தின் ஒரு செயலைக் குறிக்கிறது. கோடையில் வறண்டு கிடக்கும் வரத்துக்காலைச் சொல்லறியாதவர் வெற்றிடம் என்றே வரைபடத்தில் குறிப்பார். பெயரறிந்தவர் அது நீரின் வழியென நிறுத்திக் கேட்பார். ஊர்ப் பெரியோரிடம் அமர்ந்து, எவ்வாண்டு நீர் எதுவரை வந்தது எனக் கேட்டறிய மொழியறிவும் பணிவும் வேண்டும். ஆதலின் தமிழறிவு இத்துறை மாணவர்க்குச் சுமையன்று, கைப்பொருளே.

சேரும் வழி

நம் நாட்டில் இம்முதுகலைக்குப் பெரும்பாலும் ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டமாகிய பி.ஆர்க். தேவை. பி.ஆர்க். சேர மேல்நிலைக் கல்வியில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். நாட்டா போன்ற நுழைவுத்தேர்வும் உண்டு. தில்லி, போபால் பள்ளிகளில் முதுகலை சேர கேட் தேர்வு மதிப்பெண் துணைபுரியும். எனவே பிள்ளை மேல்நிலைப் பிரிவைத் தெரிவு செய்யும்போதே பெற்றோர் இதனை எண்ணுதல் நலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், வேறு துறையில் இளங்கலை முடித்தோரும் மூன்றாண்டு முதுகலையில் சேரலாம். இலக்கிய மாணவர்க்கும் அங்கு வாயில் உண்டு. ஆயின் தம் வரைதிறனையும் சிந்தனையையும் காட்டும் படைப்புத் தொகுப்பை அவர்கள் அளித்தல் வேண்டும். செலவும் பெரிது. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் ஆதலின், உரிய நிறுவனங்களின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்க.

முடிவுரை

தோட்ட வேலைக்கு ஒரு பட்டமா என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். தோட்ட வேலை இழிவன்று. இக்கல்வியில் அதுவும் ஒரு பகுதியே. நீர் செல்லும் வழியறிந்து மனிதர் குடியிருக்கும் இடத்தை வகுப்பதற்கு உரிய பட்டம் இது. வகுத்தது பிழையானால் துன்புறுவோர், தாழ்ந்த பகுதியில் குடியிருக்கும் எளிய மக்கள். நம் மாணவருள் ஒருவரேனும் இத்துறை புகுந்து, ஓர் ஊரின் வரத்துக்காலை வரைபடத்தில் அழியாது காப்பாராயின், வகுப்பறையில் நாம் கற்பித்த திணைப்பாடம் பயன் பெற்றதாகும்.