முதலில் பாரைக் கேளுங்கள்

குண்டான பெண் ஜிம்முக்குள் நுழைந்தால் நேரே டிரெட்மில்லில் ஏற்றிவிடுகிறார்கள். என்னையும் ஏற்றினார்கள். "மொதல்ல இருபது கிலோ குறைங்க மேடம், வெயிட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அந்த ட்ரெய்னர். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை என் ஒரு வருஷத்தைத் தின்றது. முட்டி வலி, தொடை உரசிப் புண், பேச முடியாத அளவுக்கு மூச்சிரைப்பு. வீட்டில் சோம்பேறிப் பட்டம் வேறு. சோம்பலே இல்லை அது. 96 கிலோவையும் ஒவ்வோர் அடிக்கும் முட்டிதான் தாங்கியது.

வேறு ஜிம்மில் ஒரு பெண் பயிற்சியாளர், வெயிட் மாட்டாத 20 கிலோ இரும்புப் பாரைக் கட்டைமேல் வைத்து, அதைப் பிடித்து நிமிர்ந்து நிற்கிற டெட்லிஃப்ட் சொல்லிக்கொடுத்தார். ஐந்து முறை தூக்கு, இரண்டு மூன்று நிமிஷம் உட்கார், மறுபடி தூக்கு. இங்கே உட்காருவதும் பயிற்சியில் சேர்த்தி. மூச்சு வாங்கினால் யாரும் முறைப்பதில்லை. அதைவிட முக்கியம், இத்தனை வருஷம் இந்த உடம்பைச் சுமந்த கால்களில் பலம் இருக்கிறது. என்னோடு சேர்ந்த ஒல்லிப் பெண்கள் திணறிய எடை எனக்குச் சாதாரணமாக மேலே வந்தது. பள்ளி ஓட்டப்பந்தயங்களில் எப்போதும் கடைசியாக வந்தவள் நான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த டிரெட்மில்லும் தந்ததில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் பளுதூக்குதலில் 81 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவே இருந்தது. அதில் தங்கம் வென்றவர் சீனாவின் லி வென்வென். கனத்த உடம்பை மதிக்கிற விளையாட்டு இது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். மெத்தென்ற ஓட்ட ஷூ வேண்டாம், தட்டையான அடி போதும். பிரஷர் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். வாரம் இரண்டு நாள் போதும். எடை மெஷினைப் பரண்மேல் போட்டுவிட்டு, எத்தனை கிலோ தூக்கினோம் என்று நோட்டில் எழுதுங்கள். எடை குறைந்ததா என்று கேட்பார்கள். கொஞ்சம் குறைந்தது. ஆனால் நிறைந்த சிலிண்டரை இப்போது நானே நகர்த்துகிறேன், தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுகிறேன். அந்த ட்ரெய்னரின் கணக்கில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

முதல் நாளே பாரைக் கேளுங்கள். குறைத்துவிட்டு வா என்று சொல்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.