இரண்டு வேலை, ஒரே கவுண்டர்: ஓர் இளம் ஆட்டக்காரருக்கு

அன்புள்ள இளம் ஆட்டக்காரருக்கு,

யூ-கி-ஓ கார்டு ஆட்டத்துக்கு டெக் கட்ட உட்காரும் எல்லாருக்கும் வரும் ஆசை உங்களுக்கும் வந்திருக்கும். ஒரே கார்டு அடிக்க வேண்டும், எதிராளி குப்புற வைத்த ட்ராப்பை உடைக்க வேண்டும், அடுத்து வரப்போகும் பெரிய மான்ஸ்டருக்கும் கைகொடுக்க வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் அப்படியொரு கார்டு கிடைத்ததும் அதன் பயன்களை விரல்விட்டு எண்ணி, எண்ணிக்கை கூடினால் கார்டு நல்லது என்று தீர்ப்பெழுதும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிடச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பல வேலை செய்யும் கார்டை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். நிலைமை மோசமாக இருக்கும்போது அது என்ன தரும்? அதை இறக்குவதற்காக நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள்? கார்டில் அச்சிட்ட வாசகம் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு மான்ஸ்டரை எடுத்துக்கொள்வோம்: பிரேக்கர் தி மேஜிக்கல் வாரியர். 2003-இல் மெஜிஷியன்ஸ் ஃபோர்ஸ் தொகுப்பில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. லெவல் 4, டார்க், ஸ்பெல்காஸ்டர், அட்டாக் 1600, டிஃபென்ஸ் 1000. நார்மல் சம்மன் செய்தால் அதன்மேல் ஒரு ஸ்பெல் கவுண்டர் ஏறும். கவுண்டர் இருக்கும்வரை அட்டாக் 300 கூடி 1900 ஆகும். அந்தக் கவுண்டரை எடுத்துவிட்டு, களத்தில் உள்ள ஒரு ஸ்பெல்லையோ ட்ராப்பையோ அழிக்கலாம். 2005 ஏப்ரலில் வந்த தடைப்பட்டியலை ஒட்டி உருவான ஆட்டத்தை, இன்றும் பலர் விரும்பி ஆடும் அந்தக் கோட் ஃபார்மட்டை, எடுத்துப் பார்த்தால் டெக்குக்கு ஒரு பிரேக்கர்தான் அனுமதி. அந்த ஒன்றை அநேகமாக எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். ஏன் என்பதுதான் கேள்வி.

பட்டியல் போடுபவர், '1900 அடி, ஒரு ட்ராப் ஒழிப்பு, கல்லறைக்குப் போனால் பிளாக் லஸ்டர் சோல்ஜரை இறக்கத் தேவைப்படும் ஒரு டார்க், ஆக மூன்று பயன்' என்பார். கணக்கு தவறு. முதல் இரண்டும் ஒரே கவுண்டரைப் பங்குபோடுகின்றன. ஒன்றைச் செலவழித்தால் மற்றது போய்விடும். இது எங்கே கடிக்கிறது என்பதைக் களத்தில் வைத்துப் பார்க்கலாம். எதிராளியிடம் 1800 அட்டாக் உள்ள கைகூ என்ற மான்ஸ்டர் நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் இரண்டு கார்டுகள் குப்புறக் கிடக்கின்றன. நீங்கள் பிரேக்கரை இறக்குகிறீர்கள். உடனே ஒன்றை உடைத்தால் பிரேக்கர் 1600-க்கு இறங்கிவிடும், கைகூவைத் தொட முடியாது. அடுத்த சுற்றில் கைகூ வந்து அதை முடித்துவிடும். ஒன்றுக்கு ஒன்று. உடைத்தது ஸ்கேப்கோட்டாக இருந்து, அவர் அதைச் செயினில் இயக்கிவிட்டால் அதன் நான்கு ஆட்டு டோக்கன்களும் களத்துக்கு வந்துவிடும். உங்கள் கவுண்டர் வீண். மாறாக, கவுண்டரை வைத்துக்கொண்டே 1900-இல் அடித்தால்? பின்னால் இருப்பது அடிக்க வரும் மான்ஸ்டரை அழிக்கும் சகுரெட்சு ஆர்மர் என்றால் பிரேக்கர் கவுண்டரோடு சாகும். அதன் எஃபெக்டை அடியின் நடுவில் இயக்க வழியில்லை. அதுவும் ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் தடுக்கும் ட்ராப் இல்லையென்றால் கைகூ போகும், மெயின் ஃபேஸ் 2-இல் கவுண்டரை எடுத்து பின்னால் ஒன்றையும் உடைக்கலாம். பிரேக்கர் இன்னும் களத்தில் நிற்கும். இரு வழியிலும் சாதாரணமாக நேரும் நஷ்டம் ஒன்றே. லாபம் மட்டும் இரண்டாவதில் பெரிது. உங்கள் கையில் இன்னொரு பெரிய மான்ஸ்டர் காத்திருந்தால், அதற்கு வழிவிட முதலில் உடைப்பதே சரி என்று கணக்கு புரண்டுவிடும். ஆகவே பிரேக்கரின் பலம் இரண்டு வேலையையும் செய்வதில் இல்லை. எந்த வேலை என்பதைக் களத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்ற அவகாசத்தில் இருக்கிறது.

அந்த அவகாசத்துக்கும் நிபந்தனை உண்டு. கவுண்டர் ஏறுவது நார்மல் சம்மன் செய்தால் மட்டுமே. கால் ஆஃப் தி ஹாண்டட் கொண்டு கல்லறையிலிருந்து எழுப்பினால் கவுண்டர் இல்லை; குப்புற வைத்துப் பிறகு திருப்பினாலும் இல்லை. அப்போது அது வெறும் 1600. கவுண்டர் ஏறும் அந்த நொடியில் எதிராளி புக் ஆஃப் மூனைச் செயினில் போட்டுப் பிரேக்கரைக் குப்புறத் தள்ளினால், கவுண்டர் ஏறவே ஏறாது. டெக்கிலிருந்து மான்ஸ்டரை எடுத்துத் தரும் சங்கன், 1500-க்கு மேல் அட்டாக் உள்ளதைத் தேடித் தராது என்பதால், வேண்டும்போது பிரேக்கரை வரவழைக்க அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. பல்திறன் கார்டுக்கு விமரிசனம் எழுதும்போது இந்த 'இல்லை'களைத்தான் முதலில் எழுத வேண்டும். இத்தனை 'இல்லை'க்குப் பிறகும் கார்டு தேறுகிறதா என்பதே பரீட்சை. பிரேக்கர் தேறியது. எதிராளி பின்வரிசையில் ஒன்றுமே வைக்காவிட்டாலும் அது 1900. நான்காம் லெவலில் அன்று அடிக்கு முன்னணியில் இருந்த ஜெமினி எல்ஃபுக்குச் சமம். அவர் பின்வரிசையை நிரப்பியிருந்தால் அது சுத்தியல். ஆட்டத்தின் கடைசியில் எடுத்தாலும் ஒரு ட்ராப்பையாவது கழற்றிவிட்டுப் போகும்.

ஒரே ஒரு பிரதி என்ற கட்டுப்பாடு இந்த வாதத்தை இன்னும் இறுக்குகிறது. 40 கார்டு டெக்கில் ஒரு பிரதி, முதல் சுற்றின் 6 கார்டுகளுக்குள் வருவதற்கான வாய்ப்பு 15 சதவீதம். மூன்று பிரதிகள் வைத்தால் ஏதாவது ஒன்று வரும் வாய்ப்பு சுமார் 39 சதவீதம். மூன்று வைக்கக்கூடிய கார்டை நம்பித் திட்டம் போடலாம். ஒன்றை நம்பிப் போட முடியாது. அது எப்போது வரும் என்று தெரியாததால், எப்போது வந்தாலும் உதவ வேண்டும். முதல் சுற்றில் மட்டும் பளபளக்கும் கார்டை ஒரே பிரதியாக வைத்தால், பெரும்பாலான ஆட்டங்களில் அது காலம் தவறியே கைக்கு வரும். பல்திறன் உண்மையில் விலைபோகும் இடம் இதுதான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நியாயமானதும்கூட. 'ஆல் இன் ஆல் அழகுராஜா எதிலும் உருப்படமாட்டார். அடிக்க ஜெமினி எல்ஃப் இருக்கிறது, அதன் 1900 கவுண்டரை நம்பி இல்லை. உடைக்க மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன் இருக்கிறது, எதிராளியின் சுற்றிலும் இயக்கலாம். அரைகுறை எதற்கு?' தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பிரேக்கரைவிட மேல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஜெமினி எல்ஃப் ட்ராப்புக்கு முன்னால் கைகட்டி நிற்கும். டைஃபூன் பின்வரிசை காலியாக இருக்கும் எதிராளியிடம் கையில் உறங்கும். அதிலும் அந்த ஃபார்மட்டில் டைஃபூனும் ஹெவி ஸ்டார்மும் தலா ஒன்றுக்கு மேல் அனுமதியில்லை. உடைக்கும் கருவிகளுக்கே பஞ்சம். எதிராளி யார் என்று தெரிந்து டெக் கட்டினால் சிறப்புக் கார்டுதான் வெல்லும். இரண்டாம் ஆட்டத்துக்கு 15 கார்டு சைடு டெக் இருப்பதே அதற்காக. தெரியாமல் உட்காரும் முதல் ஆட்டத்தில் பிரேக்கர் வெல்லும். எனவே ஆட்சேபத்தில் பாதி உண்மை: பல்திறன் கார்டு மெயின் டெக்கின் பிள்ளை, சைடு டெக்கில் அதற்கு இடமில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கூர்மையானது: 'அவ்வளவு நல்ல கார்டு என்றால் இன்றைய போட்டிகளில் அதை ஏன் யாரும் தொடுவதில்லை?' பலம் வாய்ந்த கார்டுகள் வந்துவிட்டன என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். அது அரைப் பதில். கார்டின் வாசகம் அப்படியேதான் இருக்கிறது. மாறியது அதன் விலை. ஒரு சுற்றுக்கு ஒரு நார்மல் சம்மன் என்பது அன்றும் விதி, இன்றும் விதி. 2005-இல் பெரும்பாலான சுற்றுகளில் அந்த ஒரு சம்மனே உங்கள் முழு ஆட்டம். பிரேக்கருக்குக் கொடுத்தால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. இன்றைய பல டெக்குகளில் அந்தச் சம்மன் ஒரு சங்கிலியின் முதல் கண்ணி. அதிலிருந்து ஸ்பெஷல் சம்மன்கள் வரிசையாகக் கிளம்பும். அதைப் பிரேக்கருக்குக் கொடுத்து ஒரு ட்ராப்பை உடைப்பதென்றால் ஒரு முழுச் சுற்றையே தாரைவார்ப்பதாகும். கார்டு பலவீனமாகிவிட்டது என்பதைவிட, அதற்கு நாம் கொடுக்கும் விலை ஏறிவிட்டது என்பதே சரி. விலையைப் பார்க்காமல் பலனை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு ஒருநாளும் பிடிபடாது.

கடைசியாக, 'ஜெயித்தவர்களின் டெக் பட்டியலில் இருக்கிறதே, அது போதாதா?' என்பார்கள். பட்டியல் ஒரு சாட்சி. அதைப் புறக்கணிக்க வேண்டாம். ஆனால் ஒருவர் ஒரு கார்டை வைத்திருந்தார் என்று மட்டும்தான் அது சொல்லும். அந்தக் கார்டால் வென்றாரா, அதையும் மீறி வென்றாரா என்று சொல்லாது. அதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். பழகும்போது அந்தக் கார்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் மூன்றைக் குறித்துவையுங்கள்: களம் எப்படி இருந்தது, எந்த வேலைக்குப் பயன்பட்டது, அந்தச் சம்மனுக்குப் போட்டியாகக் கையில் வேறு எது இருந்தது. ஜெயித்த ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களின் குறிப்பை அதிகம் நம்புங்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் உதவிய கார்டே பல்திறன் கார்டு. பின்தங்கிய நிலையிலும் ஒரு கார்டை எடுத்துக்கொண்டு போகும் மான்ஸ்டருக்கு டெக்கில் இடம் கொடுங்கள். ஜெயிக்கும்போது மட்டும் மூன்று வேலை செய்யும் மான்ஸ்டரை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், தயங்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு மூத்த ஆட்டக்காரர்