படகு மின்சாரம்: கேள்வி - பதில்

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காத நேரத்தில் கேன் தண்ணீர் ஊற்றலாமா?
- எண்ணூர் வாசகர்

கூடாது. கடல் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்காமல் விட்டீர்களே, அதுவரை சந்தோஷம். உப்புத் தண்ணீர் உள்ளே போன பேட்டரியை சார்ஜில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

எங்கள் சர்வே படகின் அணியத்தில் பவ் த்ரஸ்டர் மாட்டி, அதன் பக்கத்திலேயே தனி பேட்டரி வைத்தோம். என்ஜின் ரூமிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜ் செய்கிறோம். பேட்டரி நிறைவதே இல்லை. பெரிய ஆல்டர்னேட்டர் போடலாமா?
- ராயபுரம் வாசகர்

காசு அதிகமாக இருந்தால் போடுங்கள். பேட்டரி அப்போதும் நிறையாது.

த்ரஸ்டர் 300 ஆம்பியர் இழுக்கும் என்றதும் எல்லோரும் மிரண்டுவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் இழுக்கிறது? ஜெட்டியில் அணையும்போது பத்துப் பத்து விநாடியாகப் பத்துத் தடவை அமுக்கினாலும் செலவு 8 ஆம்பியர்-மணி சொச்சம்தான். அதை நிரப்ப உங்கள் பழைய ஆல்டர்னேட்டரே தாராளம்.

கோளாறு ஒயரில். 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். போக 10 மீட்டர், வர 10 மீட்டர். 20 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 14.2 கிளம்பி 13 வந்து சேர்ந்தால் பேட்டரி எப்படி ஏறும்? நடுவில் டயோடு வைத்திருந்தால் அது வேறு அரை வோல்ட்டுக்கு மேல் தின்னும். ஆனால் எலெக்ட்ரீஷியன் மீட்டரை ஆல்டர்னேட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "பதினாலு வருது சார்" என்று சொல்லிப் போய்விடுவார். அங்கே வந்து என்ன பயன்? என்ஜின் ஓடும்போது, அணியத்து பேட்டரியின் முனையிலேயே மீட்டரை வையுங்கள்.

25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். இழப்பு கால் வோல்ட் அளவுக்கு இறங்கும். இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஃபியூஸும் இரண்டு முனையிலும் வேண்டும். ஒன்று போதும் என்பவரை அடுத்த முறை படகில் ஏற்றாதீர்கள். நடுவில் வோல்டேஜ் பார்த்துச் சேர்க்கும் ரிலே: 13.3 வாக்கில் இரண்டையும் சேர்க்கும், 12.8-க்கு வந்தால் பிரிக்கும். பேட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டமும் இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன்.

லாஞ்சில் ஒயர்லெஸ், ஜிபிஎஸ், லைட் எல்லாம் ஸ்டார்ட்டிங் பேட்டரியில்தான். விடியற்காலை என்ஜின் எடுக்கவில்லை. இன்னொரு பேட்டரியைச் சேர்த்துக் கட்டிவிடலாமா?
- காசிமேடு வாசகர்

சேர்த்துக் கட்டினால் இரண்டும் ஒன்றாகத்தான் சாகும், அண்ணே. ஒன்று என்ஜினுக்கு, ஒன்று மற்றதற்கு. மேலே சொன்ன ரிலேயே உங்களுக்கும் போதும். நடுக்கடலில் என்ஜின் எடுக்கவில்லையென்றால் தள்ளிவிட ஆள் கிடையாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் பேட்டரியைப் படகிலேயே விடலாமா?
- திருவொற்றியூர் வாசகர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். இந்த வெயிலில் சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கும். இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்படும். பயப்பட ஒன்றுமில்லை: முழு சார்ஜ் ஏற்றி, கழற்றி, நிழலில் வையுங்கள். நடுவில் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள்; 12.4-க்குக் கீழே போயிருந்தால் மறுபடி சார்ஜ் போடுங்கள். ஜூன் 14 ராத்திரி, ஐஸ் ஏற்றிவிட்டு, "செல்ஃப் எடுக்கல" என்று எனக்கு போன் போடாதீர்கள்.